பூவுக்குக் காம்பும் உண்டு

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் மல்லியும் கிலோக் கணக்கு. ரோஜாவுக்கும் தாமரைக்கும் நூறு எண்ணம் இவ்வளவு என்று விலை. துளசி, கொழுந்து, பச்சை எல்லாம் எடையிலோ கட்டிலோ போகும். விலைப்பட்டியலில் ‘ஸ்டெம்பு ரோஸ்’ என்று ஒன்று தனியாக வரும். நீளக் காம்போடு கட்டாக விற்கிற ரோஜா அது. காம்புக்காகவே பெயர் பெற்ற சரக்கு அநேகமாக அது ஒன்றுதான். மற்ற பூக்களில் பெரும்பாலானவை செடியிலிருந்து கிள்ளும்போதே காம்பை விட்டுவிட்டு வருகின்றன. நார் சுற்றுவதற்கு விரல்நுனி அளவு இருந்தால் போதும்.

அந்தச் சந்தைக்குப் பக்கத்தில்தான் நான் பிறந்தேன். அம்மா பூக்கட்டுகிறவள். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து, மாணிக்கக் கல் பதித்தாற்போல் தட்டையாக எங்கள் ஊரில் கட்டுகிற மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாலையில் ஒரு காம்புகூடக் கண்ணில் படாது. படக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் நேர்த்தி. பிறகு நான் படித்து, சென்னைக்கு வந்து, மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி, தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றேன். இருந்தாலும் பூவைக் கையில் எடுத்தால் விரல் தானாக நாரைத்தான் தேடும்.

அந்த விரலுக்கு வேறொரு வேலையைக் கற்றுக்கொடுத்தவர், ஜப்பானிலிருந்து சென்னைக்கு வந்து சில நாள் தங்கி வகுப்பு நடத்திய ஒரு வயதான ஆசிரியை. எல்லாரும் அவரை ‘சென்செய்’ என்றே அழைத்தோம். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்களாம். அவர் கற்பித்தது இகெபானா என்கிற ஜப்பானிய மலரமைப்புக் கலை. அதிலும் சோகெட்சு என்ற பள்ளியின் வழி. ஜப்பானிய மொழி படிக்கிற ஓர் இளம்பெண் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வாள். பாதி நேரம் அவளுக்கும் வேலை இருக்கவில்லை. சென்செய் அதிகம் பேசுகிறவரில்லை.

இகெபானா என்றதும் ஒரு கிண்ணம், ஒரு குச்சி, ஒரு பூ என்ற படம் பலருக்கு மனதில் வரும். அதன் வரலாறு ஆரம்பித்தது அப்படி இல்லை. கியோட்டோ நகரில் ரொக்காகுதோ என்ற புத்தர் கோயில் இருக்கிறது. அதைச் சேர்ந்த துறவிகள் தலைமுறைகளாகப் புத்தருக்குப் பூ வைத்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான இகெனோபோ செங்கெய், 1462இல் ஒரு தங்கக் குடுவையில் மலர்க்கொம்புகளை நிறுத்தியதைப் பார்க்க நகரத்து மக்கள் திரண்டார்கள் என்று அக்காலத்துத் துறவி ஒருவரின் நாட்குறிப்பில் பதிவு இருக்கிறது. இகெனோபோ பள்ளி இன்றைக்கும் அதே கோயிலை ஒட்டித்தான் இயங்குகிறது. அந்தப் பள்ளி வளர்த்த ‘ரிக்கா’ என்ற பழைய முறையில் வைத்த அமைப்பு ஆள் உயரத்துக்குக்கூட எழும்பும். மலை, அருவி, ஊர் எல்லாவற்றையும் ஒரே குடுவைக்குள் காட்டுகிற பிரம்மாண்டம்.

இந்த வரலாற்றில் என்னைக் கட்டிப்போட்டது வேறொரு விஷயம். ஒவ்வொரு காலத்திலும் பாணி மாறியபோது, காம்பை நிற்கவைக்கிற உபாயமும் மாறியிருக்கிறது. ரிக்கா காலத்தில் வெண்கலக் குடுவைக்குள் வைக்கோலை இறுகக் கட்டித் திணித்து அதில் கொம்புகளைச் செருகினார்கள். பிறகு வந்த எளிய பாணியில், கவண் போலக் கவட்டை பிரிந்த சிறு குச்சியைக் குடுவையின் வாயில் பொருத்திக் காம்புகளை அதன் இடுக்கில் நிறுத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பான் மேற்கு நாடுகளுக்குத் திறந்துகொண்டபோது குட்டைக் காம்புடைய புதுப் பூக்கள் வந்து சேர்ந்தன. உயரமான குடுவையில் அவை நிற்காது. ஓஹாரா உன்ஷின் என்பவர் அகலமான, ஆழமில்லாத தட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கிற ‘மொரிபானா’ முறையைக் கொண்டுவந்தார். அந்த முறையோடு பரவியதுதான் கென்சான்: கனமான ஈய வில்லையில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நட்டிருக்கும், அதில் காம்பைக் குத்தி நிறுத்த வேண்டும். நூற்றாண்டுகளாக ஒரு தேசம் காம்பு எப்படி நிற்க வேண்டும் என்று யோசித்திருக்கிறது. அதே நூற்றாண்டுகளில் நாம், காம்பே இல்லாத பூவை எத்தனை விதமாகத் தொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறோம். இரண்டும் பெரிய அறிவுதான்.

சோகெட்சு பள்ளி 1927இல் தோக்கியோவில் தொடங்கியது. தொடங்கிய சோஃபு தெஷிகஹாராவின் தந்தையும் மலர் ஆசிரியரே. ஆனால் பழைய இலக்கணத்தை அப்படியே திருப்பிச் செய்வதில் சோஃபுவுக்கு நிறைவு இல்லை. யாரும், எங்கேயும், எப்போதும், எந்தப் பொருளைக் கொண்டும் செய்யலாம் என்பது அவர் வகுத்த கொள்கை. பட்டுப்போன மரவேர், இரும்பு, கல் எல்லாம் அவர் அமைப்புகளில் இடம்பெற்றன. அவருடைய மகன் ஹிரோஷி தெஷிகஹாராவை உலக சினிமா பார்க்கிறவர்கள் அறிவார்கள்; 1964இல் வந்த ‘மணல்குன்றுப் பெண்’ அவர் இயக்கிய படம். அவரும் பிற்காலத்தில் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, பிளந்த மூங்கிலை வளைத்து மனிதர் நடந்துபோகிற அளவுக்குப் பெரிய அமைப்புகளைச் செய்தார். இப்போது பள்ளியை நடத்துவது ஹிரோஷியின் மகள் அகானே.

இவ்வளவு சுதந்திரம் பேசுகிற பள்ளியின் முதல் பாடம் கணக்குப் பாடம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்று முதன்மைக் கொம்புகள்: ஷின், சோஎ, ஹிகாஎ. பாத்திரத்தின் விட்டத்தையும் உயரத்தையும் கூட்டி, அதைப் போல ஒன்றரை மடங்கு ஷின்னின் நீளம். அதில் முக்கால் பங்கு சோஎ. சோஎயில் முக்கால் பங்கு ஹிகாஎ. எங்கள் தட்டு 24 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரம். ஆக ஷின் 45, சோஎ ஏறக்குறைய 34, ஹிகாஎ 25. அடிப்படை நிமிர்ந்த பாணியில், செங்குத்துக் கோட்டிலிருந்து ஷின் 15 பாகை சாய வேண்டும், சோஎ 45 பாகை, ஹிகாஎ 75 பாகை. எல்லாம் கொஞ்சம் முன்னால், பார்க்கிறவரை நோக்கி. பிறகு இடையிடையே துணைக் காம்புகள், கென்சான் மறையும் அளவுக்கு மட்டும்.

இந்த எண்களைக் கேட்டதும் வகுப்பில் சிலருக்கு முகம் சுருங்கியது. கலை கற்க வந்த இடத்தில் பாகைமானியா என்ற எண்ணம். பாடம் நடத்திப் பழகிய எனக்கு அதன் நியாயம் உடனே புரிந்தது. எண் இல்லாவிட்டால் எல்லாரும் பூவை நடுவில் வைத்து, சுற்றி இலையைச் செருகி, இரண்டு பக்கமும் சமமாக்கி முடித்திருப்போம். மூன்று வெவ்வேறு நீளம், மூன்று வெவ்வேறு சாய்வு என்று கட்டாயப்படுத்தினால் சமம் உடைந்துபோகிறது. அப்போதுதான் காலியாக விட்ட பக்கமும் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறது.

குத்துவதற்கும் முறை இருக்கிறது. மரக்கிளையாக இருந்தால் நுனியைச் சாய்வாக வெட்ட வேண்டும். தடித்திருந்தால் அடியைக் கொஞ்சம் பிளந்துவிட வேண்டும். பூக்காம்பு மென்மையானது, அதை நேராக வெட்ட வேண்டும். எதுவானாலும் முதலில் நிமிர்த்தி நேராகக் குத்திவிட்டு, பிறகே வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். நேரடியாகச் சாய்த்துக் குத்தினால் ஊசி பிடிக்காது. புல் மாதிரி மெலிந்த காம்பு ஊசிகளுக்கு நடுவே நழுவும், அதற்கு வேறொரு காம்புத் துண்டை அடியில் சேர்த்துக் கட்டிவிடலாம். சென்செய் இதைச் செய்யும்போது கை அவசரப்படவே இல்லை. எங்கள் அமைப்புகளைத் திருத்த வரும்போதும் அப்படித்தான். என்ன தவறு என்று சொல்வதற்குப் பதில், ஒரு கொம்பை உருவி எடுப்பார், வேறொன்றை லேசாகத் திருப்புவார், தள்ளி நின்று எங்களைப் பார்க்கச் சொல்வார். திருத்துவதற்கு முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே பாடம்.

வகுப்புக்கு முன் அவரைக் கோயம்பேட்டுக்கு அழைத்துப்போகிற பொறுப்பு எனக்கு வந்தது. அவர் ஜப்பானிலிருந்து கத்தரிக்கோல் கொண்டுவந்திருந்தார், பூ கொண்டுவரவில்லை. இருக்கிற ஊரில் எது விளைகிறதோ அதைத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஓசூர் ஜெர்பெராவும் நீலகிரி கார்னேஷனும் காம்போடு, காகிதம் சுற்றி, கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவர் நின்றது காய்கறிப் பக்கம், வாழைப்பூவுக்கு முன்னால். குலைத்தண்டு நீளமாக, வளைவோடு வேண்டும் என்று கையால் வரைந்து காட்டினார். நான் கடைக்காரரிடம் கேட்டேன்.

“இது பொரியலுக்கு வாங்கறதும்மா. தண்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?”

“வச்சுப் பார்க்கறதுக்குப்பா.”

கடைக்காரர் ஒரு நிமிஷம் அந்தப் பூவைப் புரட்டிப் பார்த்தார். “தண்டோட வேணும்னா நாளைக்குக் காலையில வாங்க. தார் எறக்குற ஆளுங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்.” சொன்னபடி எடுத்தும் வைத்திருந்தார். அன்றைக்கு அந்த வாழைப்பூவை, கருஞ்சிவப்பு மடல் ஒன்று மட்டும் விரிந்த நிலையில், தண்டின் வளைவு முழுவதும் தெரிய ஒரு மண்சட்டியின் மேல் சென்செய் சாய்த்து வைத்தார். கூடவே உலர்ந்த தென்னம்பாளை ஒன்று. வேறெதுவும் இல்லை. எத்தனை வாழைப்பூவை ஆய்ந்திருக்கிறேன்! மடலின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சிவப்பு என்பதும், தண்டு வளைகிற இடத்தில் பூவின் கனம் தெரியும் என்பதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டன.

தாவரவியல் படித்தவளுக்குப் பெரிய விருந்து, தண்ணீருக்குள் வெட்டுகிற பாடம். காம்பின் அடியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே ஓர் அங்குலம் வெட்டிவிட வேண்டும். காரணம் இதுதான். இலைகளிலிருந்து நீராவி போய்க்கொண்டே இருப்பதால், சைலம் குழாய்களுக்குள் நீர் எப்போதும் மேல்நோக்கி இழுபட்ட நிலையில் இருக்கிறது. காற்றில் வெட்டினால் அந்த இழுப்பு வெட்டுவாய் வழியாகக் காற்றை உறிஞ்சிவிடும். குழாயில் காற்றுக்குமிழ் அடைத்துக்கொண்டால், பிறகு எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் பூ தலை தொங்கும். தண்ணீருக்குள் வெட்டினால் காற்றுக்குப் பதில் தண்ணீரே ஏறும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வருகிற இலைகளையும் உருவிவிட வேண்டும். அவை அழுகினால் நுண்ணுயிர் பெருகிக் குழாய்களை அடைக்கும். இதைப் பாடப்புத்தகத்தில் சாற்றேற்றம் என்று எழுதிப் போட்டு மதிப்பெண் வாங்கவைத்தோமே, ஒரு ரோஜாக் காம்பையும் ஒரு வாளியையும் வைத்து வகுப்பில் காட்டியிருந்தால் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். இன்று பணியில் இருக்கிற ஆசிரியர்கள் இதைச் செய்யவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

பால் வடிகிற செடிகளுக்கு வேறு வைத்தியம். எருக்கு போன்றவற்றின் பால், வெட்டுவாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அடியை நெருப்பில் சற்றுக் காட்டிவிட்டுத் தண்ணீரில் விடுவார்கள். அரளியை வெட்டினால் கையை நன்றாகக் கழுவ வேண்டும், அது நஞ்சு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வைப்பது நல்லது. தாமரைதான் எல்லாவற்றிலும் சிரமம். வெட்டிய கொஞ்ச நேரத்தில் வாடிவிடும். அதன் தண்டுக்குள் நீளநீளமான காற்றுக்குழல்கள் இருக்கின்றன அல்லவா, ஜப்பானில் ஒரு சிறு பம்பை வைத்து அந்தக் குழல்களுக்குள் தண்ணீரை ஏற்றுகிறார்கள். நாம் அதே தாமரையின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்மடித்துச் சாமிக்கு வைக்கிறோம். வாடுகிற பூவை அழகாக வைத்திருக்க இரண்டு ஊர்க்காரர்களும் கண்டுபிடித்த வழிகளைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இலையை எடுப்பது. நந்தியாவட்டைக் கிளை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், செழிப்பான கிளை. சென்செய் அதைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ள ஆரம்பித்தார். மேலே ஒன்று, அடியில் இரண்டு, ஒன்றையொன்று மறைத்த இடத்தில் மூன்று நான்கு. என் நெஞ்சு பதறியது. மேசை முழுக்க இலை. கடைசியில் கிளை ஓடுகிற கோடு வெளியே வந்தது: ஓரிடத்தில் தயங்கி, திரும்பி, வெளிச்சத்தைத் தேடிப்போன கோடு. அது வளர்ந்த கதை முழுக்க அதில் இருந்தது. அத்தனை இலைக்கும் அடியில் அது ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

நம்மிடம் பூ என்றால் நிறைவு. சாமிக்குப் பூச்சொரிகிறோம், கல்யாண மேடையைப் பூவால் மூடுகிறோம், ஒரு முழம் கேட்டால் கையளந்து ஒரு சாண் கூட்டிக் கொடுப்பவர்தான் நல்ல பூக்காரர். அது கொடையின் அழகு, அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மாலை என்பது இன்னொருவர் கழுத்துக்கோ கூந்தலுக்கோ சாமிக்கோ போய்ச் சேருவதற்காகப் பிறந்தது. இகெபானா இருந்த இடத்தில் இருந்து பார்க்கப்படுவது. ஊருக்குப் போனபோது அரளிக் கொம்பை வைத்து வீட்டில் ஒன்று செய்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, “ஒத்தப் பூவுக்கு இம்புட்டுப் பெரிய சட்டி என்னத்துக்கு மக்கா?” என்றாள். நான் ஷின், சோஎ என்று விளக்கவில்லை. சும்மா உட்கார்ந்து பாரும்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கொம்பு அரளி மாதிரியே இல்ல, என்னமா வளைஞ்சிருக்கு” என்றாள். வாழ்நாள் முழுவதும் அரளியைத் தொட்ட விரல்கள் அவளுடையவை. அந்த வார்த்தைக்காக நான் சென்செய்க்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன்.

பூ அலங்காரத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மேடை அலங்காரங்களில் காம்பைச் செருக ஒரு பச்சை நுரைக்கட்டியைப் பயன்படுத்துகிறார்கள். 1950களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த பொருள் அது. தண்ணீரை நன்றாக உறிஞ்சும், எந்தக் கோணத்திலும் காம்பு நிற்கும், விலையும் குறைவு. தொழில் செய்பவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது பிளாஸ்டிக். ஒருமுறை குத்தினால் தீர்ந்தது. உதிர்ந்து தூளாகி மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கிறது. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன்னுடைய மலர்க் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. பெரிய மேடைக்குக் கென்சான் உதவாது என்பது உண்மை. ஆனால் வாழைமட்டையும் தென்னை மட்டையும் வைக்கோல் பிரியும் நம்மிடம் இருக்கின்றன. பந்தலில் தோரணம் கட்டுகிறவர்களின் கை நுணுக்கமும் இருக்கிறது. வெண்கலக் குடுவைக்குள் வைக்கோலைத் திணித்து ஆள் உயரத்துக்குக் கொம்பு நிறுத்திய துறவிகளால் முடிந்தது நம் ஆட்களாலும் முடியும்.

வீட்டில் ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குச் செலவு அதிகமில்லை. கென்சான் ஒன்று வாங்கினால் ஆயுளுக்கும் இருக்கும். உபயோகித்ததும் அழுக்கைத் துலக்கி, துடைத்து உலர்த்தி வைக்க வேண்டும், ஊசி வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், வாய் குறுகிய பித்தளைச் செம்பில் ஒரு குச்சியைக் குறுக்கே இறுகச் செருகி அதில் கிளையைச் சாய்க்கலாம். அடுக்களைச் சட்டி, ஊறுகாய் ஜாடி, உப்பு மரவை எதுவும் பாத்திரமாகும். நம் வெயிலில் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மல்லியும் பிச்சியும் இதற்குச் சரிப்படாது, அவற்றை அம்மாவின் விரலுக்கே விட்டுவிடுங்கள். சம்பங்கித் தண்டு, கல்வாழை, கோழிக்கொண்டை, காய்ந்த முருங்கைக்காய், புளியங்கொம்பு, நாணல் இவையெல்லாம் கேட்டபடி நிற்கும்; வாடவும் நேரமாகும்.

நீளக் கொம்புக்கு எங்கே போவது என்று என்னிடம் இகெபானா படிக்கிற பெண்கள் கேட்கிறார்கள். கொம்பு இல்லாமல் பயிற்சி நடக்காது, நியாயமான கேள்விதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தெருமரங்களின் கிளைகளை வெட்டிச் சாய்ப்பார்கள். புங்கன், வேம்பு, தூங்குமூஞ்சி என்று கிளைகள் நடைபாதையில் குவிந்து கிடக்கும். வேலை செய்பவர்களிடம் கேட்டால் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். போகும்போது ஒரு வாளித் தண்ணீரும் கத்தரியும் கையில் இருக்கட்டும். வெயிலில் வெகுநேரம் கிடந்த கிளையை விட்டுவிட்டு, அப்போதுதான் விழுந்ததை எடுங்கள். அடியை வாளிக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, பிறகு வீட்டுக்குக் கிளம்புங்கள்.